எந்தக் கொன்ட்ரோலர் யாருடையது: அடையாளமிடும் வழிகளில் எது எங்கே சரிவரும்

பிளேஸ்டேசன் போன்ற கேம் இயந்திரத்தைக் கையில் பிடித்து இயக்கும் கொன்ட்ரோலர், ஒரே நிறத்தில் நான்கு ஒரு மேசையில் கிடந்தால் அங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கையில் இருக்கும் இந்தப் பொருள் யாருடையது? இந்தப் பொருளுக்கு இயந்திரம் இப்போது எத்தனையாம் இலக்கம் கொடுத்திருக்கிறது? இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் சண்டை தொடங்குகிறது. "அண்ணா, என்ர சிவப்பு எங்க?" என்று கேட்கும் தம்பி நேற்றுச் சிவப்பாக எரிந்ததைத் தேடுகிறான். அதே கொன்ட்ரோலர் இன்று நீலமாக எரிகிறது, ஏனென்றால் இன்று அதை முதலில் எழுப்பியவர் வேறொருவர்.

யார் எதைப் பிடித்தாலென்ன என்று விட்டுவிடவும் முடியாது. கொன்ட்ரோலர்கள் ஒரே மாதிரிப் பழுதாவதில்லை. ஒன்றின் இடது ஸ்டிக் (பெருவிரலால் அசைக்கும் குமிழ்) கை படாமலே மெல்ல ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்றின் ஆர்2 (வலது சுட்டுவிரலால் அழுத்தும் பட்டன்) அரைவாசியில் இறுகும். வேறொன்றின் பற்றரி ஒரு மணித்தியாலத்தில் படுத்துவிடும். ஸ்டிக்குக்குள் இருப்பது சுழலும்போது தடை மாறும் சிறு பாகம். அதன் கரிப்படலம் தேய்ந்தாலோ தூசி ஏறினாலோ நடுநிலை தவறும். இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த திருகோணமலை நகரத்தில் உப்புக் காற்று பித்தளைத் தொடுகைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னல் திறந்திருந்தால் மணல் தூசி எல்லாவற்றுக்குள்ளும் போகும். எது கெட்டது, எது நல்லது என்று தெரியாவிட்டால் திருத்தக் கொடுக்கும்போது நல்லதைக் கொடுத்துவிட்டுக் கெட்டதோடு விளையாட வேண்டியிருக்கும்.

இயந்திரம் தரும் வெளிச்சம்

செலவில்லாத வழி இது. பலரும் இதை மட்டுமே நம்புகிறார்கள். பிளேஸ்டேசன் 4இல் உள்நுழையும் வரிசைப்படி முதலாமவருக்கு நீலம், இரண்டாமவருக்குச் சிவப்பு, மூன்றாமவருக்குப் பச்சை, நான்காமவருக்கு இளஞ்சிவப்பு. நான்குக்கு மேல் இணைக்க முடியாது. பிளேஸ்டேசன் 5இன் கொன்ட்ரோலரில் தொடுபலகைக்குக் கீழே சிறு வெள்ளை விளக்குகள் வரிசையாக இருக்கும்: ஒன்று எரிந்தால் முதலாமவர், இரண்டு எரிந்தால் இரண்டாமவர், அப்படியே நான்கு வரை. நிறத்தை நம்புவதை விட இந்த வெள்ளை விளக்குகளை எண்ணுவது மேல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களுக்குள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தெரிந்தும் இருக்காது.

பழைய பிளேஸ்டேசன் 3 இன்னும் ஓடும் வீடுகளில் கொன்ட்ரோலரின் முன்விளிம்பில் 1 முதல் 4 வரை இலக்கமிட்ட சிவப்பு விளக்குகள் இருக்கும். அந்த இயந்திரம் ஏழு கொன்ட்ரோலர் வரை ஏற்கும், நடுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் இலக்கத்தை மாற்றியும் கொடுக்கலாம். இந்த வசதி அதற்குப் பின்னால் வந்த இரண்டிலும் இவ்வளவு நேரடியாக இல்லை. நின்டெண்டோ சுவிட்சில் கொன்ட்ரோலர் பக்கத்தில் வரிசை மாற்றும் திரையைத் திறந்து, யார் முதலாவதோ அவர் எல், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், பிறகு அடுத்தவர். சண்டை இல்லாமல் வரிசை போடுவதற்கு இதைப்போல் எளிய முறை வேறெந்த இயந்திரத்திலும் இல்லை. சோபாவுக்குக் கீழே காணாமல் போனதை அதிர வைத்துத் தேடும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. எக்ஸ்பொக்ஸ் 360இல் நடுப் பட்டனைச் சுற்றிய பச்சை வளையத்தின் கால்பங்கு இலக்கத்தைக் காட்டியது. அதன் பின்வந்த எக்ஸ்பொக்ஸ்களில் அது எடுக்கப்பட்டுவிட்டது. வெள்ளை விளக்கு ஒன்று எரியும், அவ்வளவுதான். அங்கே வெளிச்சத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வெளிச்சம் கைவிடும் இடங்கள் மூன்று. முதலாவது, சார்ஜ். இயந்திரம் ஓய்வுநிலையில் இருக்க வயரில் மாட்டினால் பிளேஸ்டேசன் 4, 5 இரண்டின் கொன்ட்ரோலர்களும் எல்லாமே செம்மஞ்சளில் மெல்லத் துடிக்கும். எது யாருடையது என்று தெரிய வேண்டிய நேரமே அதுதான். இரண்டாவது, விளையாட்டே நிறத்தை மாற்றுவது: உயிர் குறையும்போது சிவப்பாகும், பொலிஸ் துரத்தும்போது சிவப்பும் நீலமும் மாறி மாறி எரியும். மூன்றாவது, கொன்ட்ரோலர் அணைந்து திரும்ப எழும்புவது. மின்சேமிப்பு அமைப்பில் 10, 30, 60 நிமிடத்தில் கொன்ட்ரோலரை அணைக்கும்படி வைக்கலாம். 10இல் இருந்தால், தேநீர் குடித்து வருவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். திரும்ப எழுப்பும்போது யார் என்று திரையில் கேட்க, அவசரத்தில் தப்பான பெயரை அழுத்துவார்கள். பலர் விளையாடும் இடத்தில் 60 வைப்பது நல்லது.

பிளேஸ்டேசன் 4இன் முதற்கால கொன்ட்ரோலரில் விளக்கு ரீவியைப் பார்த்தபடி இருக்கிறது. பிடித்திருப்பவருக்கு அது தெரியாது. 2016இல் வந்த இரண்டாம் வகையில் தொடுபலகையின் மேல்விளிம்பில் மெல்லிய கீற்றாக அதே நிறம் தெரியும். இந்தக் கீற்று இருக்கிறதா இல்லையா என்பதை இப்போதே பார்த்து வையுங்கள், வயர் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

பெயரோடு கட்டுவது

ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தில் தனிப் பெயர் திறந்து, தன் கொன்ட்ரோலரை எழுப்பித் தன் பெயரைத் தெரிவுசெய்வது அடுத்த வழி. சேமித்த ஆட்டம், ஒலி, பட்டன் அமைப்பு எல்லாம் அவரவருக்கு வரும். தலைகீழ்ப் பார்வை (ஸ்டிக்கை மேலே தள்ளினால் பார்வை கீழே போகும் அமைப்பு) வைத்து விளையாடும் அக்காவும் சாதாரணமாக விளையாடும் தம்பியும் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்தால் இதைச் செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் பெயர் ஆளைக் காக்கும், கொன்ட்ரோலரைக் காக்காது. எந்தக் கொன்ட்ரோலரை எடுத்தும் எந்தப் பெயரையும் தெரிவுசெய்யலாம். பின்பக்க ஒட்டியில் இருக்கும் தொடரிலக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது ஒரு நிமிட வேலை. விற்கும்போதும் திருத்தக் கொடுக்கும்போதும் அதுதான் சாட்சி.

வெவ்வேறு நிறத்தில் வாங்குவது

இனித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. கறுப்பு ஒன்று இருக்கும்போது இரண்டாவதாகக் கறுப்பே வாங்குவது ஏனென்று விளங்குவதில்லை. சிறப்பு நிறங்களுக்குக் கடைகள் கொஞ்சம் கூட வைப்பார்கள், அதைவிடக் கவனிக்க வேண்டியது போலியாகச் செய்த கொப்பிச் சாமான். கலர் கலராகத் தொங்கும் மலிவுக் கொன்ட்ரோலர்களில் கணிசமானவை கொப்பி. ஸ்டிக் சீக்கிரம் இழுக்கத் தொடங்கும், அதிர்வு கரகரக்கும். நிறத்துக்காக அதை வாங்கினால் "யாருக்கு அந்த நீலம்" என்று புதுச் சண்டை.

பிளேஸ்டேசன் 5 கொன்ட்ரோலரில் ஸ்டிக்குகளைச் சுற்றி வரும் கறுப்புச் சட்டம் கிளிப்பில் பூட்டிய தனித் துண்டு. மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றி வேறு நிறச் சட்டம் பூட்டலாம், திருகாணி தேவையில்லை. உலோக முனையால் நெம்பினால் வெள்ளை உடலில் தழும்பு விழும். பழைய வங்கி அட்டை போதும். வெள்ளைக் கொன்ட்ரோலர் இரண்டு ஏற்கனவே வைத்திருப்பவருக்கு மலிவும் சுத்தமுமான வழி இது.

சிலிக்கன் உறையும் ஸ்டிக் தொப்பியும்

கடையில் முதலில் காட்டுவது இதைத்தான். போட்டதும் வடிவாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும், விழுந்தாலும் அடி குறையும். திருகோணமலைக் காலநிலையில் இதற்கு ஒரு கூலி உண்டு. உள்ளங்கை வியர்வை உறைக்குக் கீழே போய் அங்கேயே நிற்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்காலத்தில் அது காயவே காயாது. உறையைக் கழற்றிப் பார்த்தால் பொருத்து விளிம்புகளில் சாம்பல் நிறப் பசை பிடித்திருக்கும். கிழமைக்கு ஒருமுறை உறையைக் கழற்றிச் சவர்க்காரத்தில் கழுவி நிழலில் நன்றாக உலர்த்தி, உடலை ஈரம் பிழிந்த சீலையால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். செய்ய மாட்டோம் என்று தெரிந்தால் வாங்காதீர்கள். இன்னொன்று: நிறுத்தி வைத்துச் சார்ஜ் செய்யும் தாங்கியில் உறையோடு கொன்ட்ரோலர் சரியாக இருக்காது. தொடுகை தொட்டும் தொடாமலும் இருந்து, காலையில் பார்க்கப் பற்றரி ஏறியிருக்காது.

ஸ்டிக் தொப்பிகள் சின்னச் சாமான், தேய்ந்த ரப்பரையும் மறைக்கும். அவற்றின் நல்ல குணம், இருட்டிலும் விரல் அறியும்: ஒருவருக்குப் புள்ளி வைத்தது, இன்னொருவருக்கு வளையம் வைத்தது. கரண்ட் போய் வந்த இரவில் அது உதவும். கெட்ட குணம், ஸ்டிக்கின் உயரம் மாறுவது. பந்து விளையாட்டில் கவலையில்லை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பழகிய கைக்கு அது பிடிக்காது.

உறைக்கும் தொப்பிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு, வீட்டில் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு அது உடனே விளங்கும். கழற்றி மாற்றலாம். ஸ்டிக் இழுக்கும் கொன்ட்ரோலரின் தொப்பியைக் கழற்றி நல்லதில் போட்டுவிட்டு "இதுதான் என்ர" என்று இருப்பதற்கு அரை நிமிடம் போதும். பகிரும் இடத்தில் கழற்றக்கூடியதை அடையாளமாக வைக்கக்கூடாது. எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரில் பின்புறப் பற்றரி மூடியில் பெயரெழுதுவதும் இதே கதைதான். ஒன்றின் மூடி அடுத்ததற்கும் பொருந்தும்.

சுவிட்சின் சிறு கொன்ட்ரோலர்களுக்கு வரும் மணிக்கட்டு நாடாவையும் நிறம் மாற்றிப் போடலாம். பூட்டும்போது நாடாவிலும் கொன்ட்ரோலரிலும் கூட்டல் குறிக்குக் கூட்டல், கழித்தல் குறிக்குக் கழித்தல் ஒத்திருக்கிறதா பாருங்கள். மாறிப் போட்டால் இறுகிவிடும், கழற்றுவது பெரும்பாடு.

ரேப் ஒட்டுவது

ஹார்ட்வெயார் கடையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கிடைக்கும் வயர் ரேப் (மின்கம்பியில் சுற்றும் ஒட்டு நாடா) எல்லோரும் கைவைப்பது. பிழையான இடத்தில் ஒட்டி, பிழை ரேப்பில் என்று சொல்வார்கள். உள்ளங்கை படும் கைப்பிடியில் ஒட்டினால் வெயில் நேரத்தில் பசை இளகி ஓரத்தால் கசியும், கசிந்த இடத்தில் அழுக்கு ஏறும், இரண்டு கிழமையில் ரேப் சுருண்டு பசை மட்டும் மிஞ்சும்.

ஒட்டுவதென்றால் முறை இருக்கிறது. பாமசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு இடத்தைத் துடைத்து ஒரு நிமிடம் காயவிடுங்கள். ரேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். இந்த ரேப் இழுபடும், இழுபட்டது தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அதனால்தான் முனை தானாக எழும்புகிறது. தளர்வாக வைத்துக் கத்தரியால் வெட்டி, நான்கு மூலையையும் வட்டமாக நறுக்கிவிட்டு ஒட்டுங்கள். கூர்மூலையில்தான் நகம் கொளுவும். 1 சென்ரிமீற்றர் அகலம், 2 சென்ரிமீற்றர் நீளம் போதும். பின்பக்க நடுவில், கை படாத தட்டையான இடத்தில், தொடரிலக்க ஒட்டியை மறைக்காமல்.

பழைய பசையைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவிப் பத்து நிமிடம் விட்டால் இளகும், சீலையால் துடைத்து, எண்ணெய் போக ஸ்பிரிட்டால் இன்னொருமுறை துடைக்க வேண்டும். எண்ணெய் பட்டன் இடுக்கில் இறங்காமல் கொன்ட்ரோலரைக் கவிழ்த்துப் பிடியுங்கள்.

வர்ணம் பூசுபவர்கள் போடும் காகித ரேப்பில் பேனாவால் பெயரெழுதி ஒட்டுவது ஒருநாள் வேலைக்கு மட்டும். ஒரு நாளைக்கு அதைப்போல் நல்லது வேறில்லை, பசை விடாமல் வரும். ஒரு கிழமை விட்டால் ஊத்தை.

கியூடெக்ஸ் புள்ளி

நிரந்தரமாக, செலவில்லாமல், கழற்ற முடியாமல் வேண்டுமென்றால் எங்கள் தெரிவு இதுதான். எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கும் அதே நகப்பூச்சு. இதில் இருக்கும் கரைப்பான் கொன்ட்ரோலரின் பிளாஸ்டிக்கை மேலோட்டமாக இளக்கிப் பிடித்துக்கொள்கிறது, அதனால் வியர்வைக்கும் ஸ்பிரிட்டுக்கும் அசையாது. அழியாத மாக்கர் பேனா என்று விற்பது அப்படியல்ல. கை கழுவும் சானிடைசர் பட்டாலே கரைந்து பரவும். கறுப்பு உடலில் அது தெரியவும் தெரியாது.

இடம் முக்கியம். பிளேஸ்டேசன் 4 கொன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக்குக்கும் நடுவே, நடுப் பட்டனான பீ.எஸ். பட்டனுக்குக் கீழே சிறு வெற்றிடம் இருக்கிறது. விளையாடும்போது விரல் அங்கே போகாது, பிடித்திருப்பவருக்கும் தெரியும், மேசையில் கிடந்தாலும் தெரியும். பொருத்துக் கோட்டின் மேல் வைக்காதீர்கள், திருத்தத் திறக்கும்போது உடையும். ஒலித் துளைகள், விளக்கு, பின்புறம் எல்2 பட்டன் பக்கத்தில் இருக்கும் ஊசித்துளை ஆகியவற்றை விட்டு விலகி இருங்கள். அந்த ஊசித்துளை கொன்ட்ரோலர் அடம்பிடித்தால் ஊசியால் சில விநாடி அழுத்தி மீட்டமைப்பதற்கு. அடைத்துவிட்டால் பிறகு அதைத் தோண்ட வேண்டும்.

ஸ்பிரிட்டால் துடைத்து, தூரிகையை நன்றாக வழித்துவிட்டு, தீக்குச்சியின் பின்முனையில் தொட்டு வையுங்கள். போத்தல் தூரிகையால் நேரே வைத்தால் புள்ளி பெரிதாகிவிடும். 2 அல்லது 3 மில்லிமீற்றர் அகலம். மெல்லியதாக ஒன்று, கால் மணித்தியாலம் கழித்து மேலே இன்னொன்று, பிறகு இரவு முழுக்கத் தொடாமல் விட வேண்டும். தடிப்பாக ஒரேயடியாக வைத்தால் மேலே தோல் பிடித்து உள்ளே ஈரமாகவே இருக்கும், மாரியில் இன்னும் மோசம். இரண்டாவது பூச்சு கொஞ்சம் மேடாக நிற்பதால் விரலால் தடவியும் எண்ணலாம்: ஒருவருக்கு ஒரு புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு.

இதன் பாதகத்தையும் சொல்ல வேண்டும். அழிக்க முடியாது. நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசற்றோன் இருக்கும். அதைத் தொட்டால் புள்ளியோடு பிளாஸ்டிக்கும் கரைந்து அந்த இடம் வெளுத்துச் சொரசொரக்கும். ஒரு வருடத்தில் விற்கப் போகிற கொன்ட்ரோலருக்கு இது வேண்டாம், பின்பக்க ரேப் போதும்.

உடலில் 1, 2 என்று எழுதுவதை மட்டும் தவிருங்கள். "1" என்று எழுதிய கொன்ட்ரோலர் சிவப்பாக எரிந்து இரண்டாம் ஆளாக நிற்கும்போது யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். இலக்கத்தை இயந்திரத்துக்கு விட்டுவிட்டு உடலுக்கு எழுத்தோ பெயரோ வையுங்கள். அ, ஆ சிறிதாக எழுதினால் ஒன்றுபோலத் தெரியும். க, ட, ப, ம தெளிவு. ஊர்ப் பெயர் வைத்தால் நாவில் உடனே ஒட்டிக்கொள்ளும். "மூதூர்ல ஆர்2 இறுகுது, கிண்ணியாவத் தாங்கோ" என்றால் கடையில் நிற்கும் புதுப் பெடியனுக்கும் விளங்கும்.

கேம் சென்டருக்கு வயர்

ஒரே அறையில் மூன்று நான்கு பிளேஸ்டேசன் 4 ஓடும் இடத்தில் புளூடூத் ஒரு தலையிடி. ஒரு கொன்ட்ரோலர் ஒரு இயந்திரத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். இரண்டாம் மேசைக் கொன்ட்ரோலரை யாராவது மூன்றாம் மேசைக்குக் கொண்டுபோய் நடுப் பட்டனை அழுத்தினால் இரண்டாம் மேசை விளையாட்டுக்குள் புதிய ஆள் நுழைவான். அங்கே சார்ஜ் வயரில் மாட்டிப் பட்டனை அழுத்திவிட்டால் அது மூன்றாம் மேசைக்குச் சொந்தமாகிவிடும், பழைய மேசையில் பிறகு வேலை செய்யாது.

இதற்கு வழி, கொன்ட்ரோலரை வயரில் மட்டும் பேச வைப்பது. செட்டிங்ஸ், சாதனங்கள், கொன்ட்ரோலர்கள், தொடர்பு முறை என்று போய் யூஎஸ்பி வயர் என்பதைத் தெரிவுசெய்யலாம். முன்பு சொன்ன வெளிச்சக் கீற்று இங்கேதான் உதவும்: கீற்று உள்ள இரண்டாம் வகைக் கொன்ட்ரோலர் மட்டுமே வயரால் பேசும். முதல் வகைக்கு வயர் சார்ஜுக்கும் முதலில் இணைப்பதற்கும்தான், பட்டன் சேதி புளூடூத்தால்தான் போகும். பிளேஸ்டேசன் 5இன் சொந்தக் கொன்ட்ரோலர் எல்லாம் வயரில் பேசும்.

வயர் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று. மலிவு மைக்ரோ யூஎஸ்பி வயர்களில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டும் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. செம்மஞ்சள் எரியும், சார்ஜ் ஏறும், ஆனால் இணையாது. கடையிலேயே ஒரு தொலைபேசியைக் கணினியோடு மாட்டி உள்ளே இருக்கும் படங்கள் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளம் 3 மீற்றர் தாராளம். 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முன்பக்கத்தில் போர்ட் இரண்டு என்பதால் இரண்டு பேருக்கு நேரே சரி, நான்கு பேருக்கு ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் கருவி) வேண்டும்.

வயரில் விளையாடினால் முதலில் போவது கொன்ட்ரோலரின் போர்ட். பெடியள் கோல் போட்ட சந்தோசத்தில் எழும்பி இழுப்பார்கள். மேசைக் காலில் கேபிள் டையால் வயரைக் கட்டி, கட்டிய இடத்திலிருந்து கை வரை 1.5 மீற்றர் விடுங்கள். இழுவை காலோடு நிற்கும். போர்ட் தளர்ந்தாலும் மனமுடைய வேண்டாம். பிளேஸ்டேசன் 4 கொன்ட்ரோலரில் அது தனிச் சிறு பலகை, 12 ஊசி, 14 ஊசி என்று வகை உண்டு, பழையதைப் பார்த்து அதேபோல் வாங்கினால் ஈயம் வைக்காமலே மாற்றலாம்.

வயருக்கும் அடையாளம் வேண்டும். ரேப்பைச் சுற்றி முனைகளை ஒன்றோடொன்று ஒட்டி 2 சென்ரிமீற்றர் கொடி போல விடுங்கள், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நிறம் வையுங்கள். ஆக, நிறம் மேசைக்கு, ஊர்ப் பெயர் உடலுக்கு, இலக்கம் திரைக்கு. மூன்றும் கலக்காது.

கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கொப்பியும் வேண்டும்: கொன்ட்ரோலர் பெயர், திகதி, முறைப்பாடு, செய்தது. நான்கு பத்தி போதும். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொன்றையும் எழுப்பிப் பட்டியல் திரையில் பத்து விநாடி கை படாமல் மேசையில் வைத்தால் ஸ்டிக் இழுப்பது தெரிந்துவிடும். மெல்லிய இழுவை அப்படித் தெரியாது. கணினியில் மாட்டி விண்டோஸ் கொன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தில் கூட்டல் குறி நடுவில் நிற்கிறதா பார்க்க வேண்டும்.

கணினியில்

விண்டோஸின் பழகிய கொன்ட்ரோலர் முறை நான்கு பேரை ஏற்கும். மாட்டும் வரிசையில் இலக்கம் போகும். எனவே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வரிசையாக மாட்டுவதே குறுக்குவழி. பிளேஸ்டேசன் கொன்ட்ரோலரைக் கணினியில் பாவிக்க உதவும் டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருளில் ஓர் அருமையான வசதி: குறிப்பிட்ட கொன்ட்ரோலரின் முகவரியோடு (ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் தனி அடையாள இலக்கம்) குறிப்பிட்ட அமைப்பைக் கட்டி வைக்கலாம், விளக்கு நிறமும் அந்த அமைப்புக்குள் வரும். வெளிச்சத்தை வைத்து உடலையே அடையாளம் காண முடிவது இங்கேதான். கொப்பிக் கொன்ட்ரோலர்களில் சில சரியான முகவரி கொடுக்காது, அவற்றுக்கு இது சரிவராது.

இதே மென்பொருளோடு வரும் தொல்லை, ஒரே கொன்ட்ரோலர் இரண்டு ஆளாகத் தெரிவது. உண்மையான கொன்ட்ரோலரும் மென்பொருள் உருவாக்கிய போலிக் கொன்ட்ரோலரும் இரண்டும் விளையாட்டுக்குத் தெரிவதால் ஒரு பட்டனுக்கு இரண்டு ஆட்கள் குதிப்பார்கள். உண்மையானதை மறைக்க ஹிட்ஹைட் (HidHide) என்ற சிறு மென்பொருள் போட வேண்டும்.

யாருக்கு எது

வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள்: கியூடெக்ஸ் புள்ளியும் தனித்தனிப் பெயரும். உறை வேண்டுமென்று அழுதால் வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் அதை அடையாளமாக எண்ண வேண்டாம். கேம் சென்டருக்கு வயர், ஊர்ப் பெயர், எழுதும் கொப்பி. தனியாக இருந்து எப்போதாவது ஒரு நண்பனோடு விளையாடுபவருக்கு எதுவுமே வேண்டாம், வெளிச்சம் போதும்.

கழகங்கள் பொங்கல், புத்தாண்டு நேரங்களில் ஒருநாள் உதைபந்தாட்டக் கேம் போட்டி வைக்கும்போது ஆளுக்காள் தன் கொன்ட்ரோலரோடு வருவார்கள். அங்கே காகித ரேப்பில் பெயரும் மேசை இலக்கமும் எழுதிப் பின்பக்கத்தில் ஒட்டி, தொடரிலக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்துவிட்டு வாங்குங்கள். இணைப்பதை வயரால் மட்டும் செய்யுங்கள், மண்டபத்துக்குள் புளூடூத் தேடல் வேண்டாம். அணி தெரிவுசெய்யும் திரையில் இருவரும் ஸ்டிக்கை ஒருமுறை தன் பக்கம் தள்ளிக் காட்டிய பிறகே ஆட்டம் தொடங்கட்டும். தொடங்கிய பின் "நான் மற்றப் பக்கம்" என்றால் மத்தியஸ்தருக்கு வழியில்லை. வீட்டுக்குப் போனதும் தன் இயந்திரத்தில் ஒருமுறை வயர் மாட்டி நடுப் பட்டனை அழுத்தச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் "நீங்கள் என்ர கொன்ட்ரோலர உடைச்சிட்டீங்கள்" என்று அழைப்பு வரும்.

திருத்தக் கொடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். இரண்டு பழுதானவற்றிலிருந்து ஒன்றை உருவாக்குவது திருத்தும் இடங்களில் வழக்கம். அப்போது உங்கள் புள்ளி வைத்த ஓடு ஒரு பக்கமும், நல்ல ஸ்டிக் உள்ள மின்சுற்றுப் பலகை மறுபக்கமும் போகும். பிளேஸ்டேசன் 4 கொன்ட்ரோலரைப் பின்புறத் திருகாணி நான்கையும் கழற்றித் திறந்தால் பற்றரியும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டும் தெரியும். பற்றரியின் ஒட்டியிலும் தட்டிலும் அதே எழுத்தை மாக்கரால் எழுதி, பலகையையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டு மூடுங்கள்.